சதுப்பில் எழுந்த செப்புக் கூரை

1979-க்கு முந்தைய கொழும்பு வரைபடம் ஒன்றை விரித்து, நகரத்துக்குக் கிழக்கே கோட்டேப் பக்கம் தேடினால் தியவன்னா ஏரி அகப்படாது. தியவன்னா ஓயா என்ற சிற்றாறு இருக்கும். அதன் இரு கரையிலும் கோரையும் நாணலும் மண்டிய சதுப்பு. நடுவில் துவ என்று பெயர்கொண்ட ஒரு மேடு, ஐந்து ஹெக்டேர் பரப்பு. இன்று அந்த மேட்டில் இலங்கைப் பாராளுமன்றம் நிற்கிறது. சுற்றிலும் 120 ஹெக்டேருக்குத் தண்ணீர். அனுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் பார்த்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் பயணிக்கு, இதுவும் பழைய அரசர் எவரோ வெட்டிய குளம் என்றே தோன்றும். வெட்டச் சொன்னவர் ஜெஃப்ரி பாவா. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, லண்டனில் பாரிஸ்டராகி, அந்தத் தொழில் பிடிக்காமல் முப்பத்தெட்டாவது வயதில் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றவர்.

இந்தக் கட்டடம் பிறந்த கதையை அந்த மேட்டிலிருந்து தொடங்குவதே முறை.

14-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் கை ஓங்கியிருந்தது. அவர்களுடைய படை தெற்கே இறங்கி வரும், வரியும் தண்டும். மூன்றாம் விக்கிரமபாகுவின் அமைச்சர் நிஸ்ஸங்க அழகக்கோனார் அந்தப் படையைத் தடுக்கத் தேர்ந்த இடம் இந்தச் சதுப்புநிலம். எதிரியின் காலைப் பிடித்து இழுக்கும் சேறு மூன்று பக்கமும் இருந்தால் மதிலுக்குப் பாதிச் செலவு மிச்சம். அவர் இங்கே கோட்டை எழுப்பினார். துவ மேட்டில் அவருடைய மாளிகை இருந்ததாகச் சொல்கிறார்கள். அழகக்கோனாரின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகர்கள் என்பது கதையில் இன்னொரு முடிச்சு. அடுத்த நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு கோட்டேயைத் தலைநகராக்கினார். அவருடைய வளர்ப்பு மகன் செண்பகப் பெருமாள், சிங்களத்தில் சபுமல் குமாரய, இங்கிருந்து படையெடுத்துப் போய் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். பிறகு போர்த்துக்கீசர் வந்தார்கள். 1565-இல் கோட்டே கைவிடப்பட்டது, சதுப்பு மறுபடி சதுப்பாயிற்று.

பின்னாளில் இந்த மேடு இ.டபிள்யூ. பெரேராவின் கைக்கு வந்தது. 1915-இல் பிரிட்டிஷ் அரசு இலங்கையில் இராணுவச் சட்டத்தைப் போட்டுச் சிங்களத் தலைவர்களைச் சிறையில் தள்ளியபோது, அதற்கெதிரான முறையீட்டைச் சப்பாத்துக்குள் ஒளித்து லண்டனுக்குக் கொண்டுபோனவர் என்று பெயர் பெற்ற பெரேரா இவர். அதே வழக்கை லண்டனில் வாதாடப் போன இன்னொருவர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே வண்டியை இழுத்தார்கள் என்பது ஈழத் தமிழர் வீடுகளில் பாட்டன்மார் பெருமையாகவும் கசப்பாகவும் சொல்லிவந்த கதை.

பழைய பாராளுமன்றம் கொழும்பு காலிமுகத் திடலருகே, கடலைப் பார்த்தபடி இருந்தது. 1930 ஜனவரியில் திறந்த கல்கட்டடம், கிரேக்கத் தூண்களோடு. சில டஜன் உறுப்பினர்களுக்காகக் கட்டியது. 1977-இல் உறுப்பினர்கள் 168 பேர் ஆகிவிட்டார்கள். 1978-இன் புதிய அரசியலமைப்பு அந்த எண்ணிக்கையை 196-ஆக உயர்த்தியது. இடநெருக்கடி உண்மைதான். அதைவிடப் பெரிய காரணம் ஜே.ஆர். ஜயவர்தன. 1977 தேர்தலில் 168-இல் 140 இடத்தை வென்று, தன்னையே நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியாக ஆக்கிக்கொண்டவர். அவருக்கு ஒரு தலைநகர் வேண்டியிருந்தது. கோட்டேயின் பழைய பெயர் ஜயவர்தனபுர என்று இருந்ததும் அவருக்குக் கசந்திருக்காது.

1979 ஜூலை 4-ஆம் தேதி பிரதமர் ரணசிங்க பிரேமதாச புதிய கட்டடத்துக்குப் பாராளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார். அன்று எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் இருந்தவர் அ. அமிர்தலிங்கம், பதினெட்டு இடம் வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர். அதே மாதத்தில், அதே அவையில், பயங்கரவாதத் தடைச் சட்டமும் நிறைவேறியது. கட்டடத் தீர்மானத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையே இரண்டு வாரம் சொச்சம்தான்.

பொறுப்பு பாவாவிடம் வந்தது. அவருக்கு அப்போது அறுபது வயது.

ஜெஃப்ரி பாவாவின் பிறப்பிலேயே கொழும்பின் கலப்பு இருந்தது. 1919 ஜூலை 23-இல் பிறந்தார். தந்தை வழியில் முஸ்லிமும் ஆங்கிலேயரும், தாய் வழியில் பறங்கியரும் சிங்களரும். தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர், வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. றோயல் கல்லூரி, கேம்பிரிட்ஜ், மிடில் டெம்பிள் என்று ஒரு செல்வந்தர் மகன் போகவேண்டிய வழியில் போனார். 1944-இல் பாரிஸ்டரானார். கொழும்பில் கொஞ்ச காலம் வக்கீல் வேலை பார்த்தார். 1946-இல் தாய் இறந்ததும் எல்லாவற்றையும் உதறிவிட்டு உலகம் சுற்றக் கிளம்பினார். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை வாங்கி அங்கேயே இருந்துவிடலாம் என்று பார்த்தார். அது கைகூடவில்லை. இலங்கைக்குத் திரும்பி, 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரியின் கரையில் ஒரு பழைய இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அதற்கு லுணுகங்க என்று பெயர் வைத்தார். கார்டா ஏரிக்கரையை இங்கேயே உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

என் பார்வையில் கோட்டேப் பாராளுமன்றத்தின் உண்மையான பிறந்த இடம் லுணுகங்க. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

தோட்டம் என்றதும் பாத்தியும் பூச்செடியும் நினைவுக்கு வந்தால் லுணுகங்க ஏமாற்றும். அங்கே பூ குறைவு. பாவா பார்த்தது நிலத்தின் ஏற்றத்தாழ்வை, மரம் தரும் நிழலை, கண் போய் நிற்கும் தூரத்தை. வீட்டு வாசல் எந்தத் திசையில் இருந்ததோ அதை மாற்றி, வருபவர் வேறு பக்கமாக நுழையும்படி செய்தார். வீட்டுக்குத் தெற்கே ஒரு குன்று ஏரியை மறைத்தது. குன்றின் முடியைச் சீவித் தாழ்த்தினார். இப்போது முகப்பிலிருந்து பார்த்தால் புல்சரிவு, சரிவின் உச்சியில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பெரிய சீனத்து ஜாடி, அதற்கப்பால் ஏரி, ஏரிக்கப்பால் தூரத்துக் குன்றில் கட்டகுளிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம். அந்த விகாரை அவருடைய நிலத்தில் இல்லை. ஆனாலும் பார்வைக்கு அதுவும் அவருடைய தோட்டத்துக்குள் வந்துவிட்டது. வீட்டுக்கும் குன்றுக்கும் இடையில் ஊர்ச்சாலை ஒன்று போகிறது. சாலையை மூட அவருக்கு உரிமை இல்லை. பள்ளமாக வெட்டி அதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டார். சைக்கிள் மணியோசை கேட்கும், சைக்கிள் தெரியாது. ஐம்பது ஆண்டுகள் இந்த வேலை ஓயவில்லை. 2003 மே மாதம் அவர் இறந்தபோது சாம்பலும் அந்தக் குன்றுக்கே போயிற்று.

ஆனால் 1950-வாக்கில் அவருக்குத் தொழில்நுட்பம் தெரியாது. மனதில் இருப்பதைக் கொத்தனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆசையை அடுத்தவர் காசில் தீர்த்துக்கொள்ளத் தொழிலாகப் படித்துவிடலாமே என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி கேலியாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கொழும்பின் பழைய பிரிட்டிஷ் நிறுவனமான எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்கில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ரீட் இறந்ததும் லண்டன் போனார். ஏ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில், தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். மிக உயரமான ஆள், ரோல்ஸ்-ராய்ஸ் மோகம் வேறு. வகுப்பில் அவர் ஒளிந்திருக்க வழியே இல்லை. 1957-இல் படிப்பு முடிந்தது. திரும்பி வந்து அதே பழைய நிறுவனத்தில் பங்காளியானார்.

அவருடைய தொடக்கக் கட்டடங்கள் வெள்ளைச் சுவரும் தட்டையான கூரையுமாக, லண்டனில் கற்றதை அப்படியே கொழும்பில் இறக்கியவை. இரண்டு பருவமழை பார்த்ததும் வெள்ளைச் சுவரில் பாசி இறங்கியது, தட்டைக் கூரை ஒழுகியது. இந்த நாட்டில் கட்டடம் என்றால் முதலில் கூரை, சுவர் அப்புறம் என்று மழை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. அவரோடு வேலை பார்த்த டென்மார்க்குக்காரர் உல்ரிக் பிளெஸ்னரும் நண்பர்களும் பழைய விகாரைகளையும் வளவுகளையும் தேடிப் போய் அளந்து வரைந்தார்கள். தாழ்ந்த இறவாரம், முற்றம், திண்ணைபோன்ற தாழ்வாரம் எல்லாம் அளவுத்தாளில் ஏறின.

அதோடு, 1960-களில் அந்நியச் செலாவணி இல்லாமல் அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. கண்ணாடி இல்லை, இரும்பு அரிது, வெளிநாட்டுக் கைப்பிடிகூட வராது. மற்றவர்கள் முனகிக்கொண்டிருந்தபோது பாவா கருங்கல், மரம், களிமண், சுண்ணாம்பு என்று கையருகே கிடந்ததை எடுத்துக்கொண்டார். ஏனா த சில்வாவுக்கு அல்பிரட் பிளேஸில் 1960-களின் தொடக்கத்தில் கட்டிய வீடு இதன் முதல் பெரிய விளைச்சல். வெளிப்புறத்தில் வெறும் மதில். உள்ளே நடுமுற்றம், மரம், ஆட்டுக்கல் போன்ற கல்சாமான்கள், சுற்றிலும் தாழ்வாரம். செட்டிநாட்டிலோ தஞ்சாவூரிலோ பிறந்தவர்களுக்கு இதில் வியப்படைய ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கொழும்பில் வசதியானவர்கள் எல்லாரும் நடுவில் பங்களா, சுற்றிலும் புல்வெளி என்று வெள்ளைக்காரன் விட்டுப்போன வார்ப்பையே கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்ன மனையில் அது வேகாது என்று இந்த வீடு காட்டியது. பின்னாளில் மனை விற்கப்பட்டபோது, வீட்டைக் கல்கல்லாகப் பிரித்து லுணுகங்கவில் மறுபடி கட்டினார்கள்.

கூரைக்கு அவர் கையாண்ட உத்தியும் அந்தப் பஞ்சகாலத்துக்கு ஏற்றதுதான். நாட்டு ஓடு அழகு, குளிர்ச்சி. ஆனால் நழுவும், பூனை ஓடினால் புரளும், வருடாவருடம் ஓடு மாற்ற ஆள் வேண்டும். சாய்வும் செங்குத்தாக இருந்தாக வேண்டும். அலைவடிவ சிமெண்டுத் தகடு ஒழுகாது, ஆனால் கொதிக்கும், பார்க்கவும் சகிக்காது. பாவா கீழே தகட்டைப் போட்டு, அதன்மேல் நாட்டு ஓட்டைப் பரப்பினார். மழையைத் தகடு பார்த்துக்கொண்டது, வெயிலை ஓடு பார்த்துக்கொண்டது. சாய்வைத் தாழ்த்தவும் முடிந்தது. இன்று கல்நார் கலந்த தகட்டை யாரும் சிபாரிசு செய்ய மாட்டார்கள், அது வேறு விஷயம். அந்தத் தாழ்ந்த, அகன்ற, பாசி படிந்த கூரைதான் உலகம் 'இலங்கைப் பாணி' என்று அடையாளம் காணும் கூரை. 1969-இல் முடிந்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டல் அதைச் சுற்றுலாப் பயணிகளின் படங்களில் ஏற்றியது.

1967-இல் பிளெஸ்னர் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் பொறியாளர் கே. பூலோகசுந்தரம். அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் மேல் பாவாவின் பங்காளி. பாவா பற்றிய படப்புத்தகங்களில் இவர் பெயர் ஒரு வரியில் வந்து போகும். நிழற்படத்தில் பொறியியல் விழுவதில்லை. ஆனால் பாவா கணக்கில் நாட்டம் இல்லாதவர், விளக்கம் சொல்லப் பிடிக்காதவர், மனைக்குப் போய் நின்று பார்த்து, கட்டிய சுவரை இடிக்கச் சொல்லக்கூடியவர். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு அலுவலகம் நடத்தி, தூண் தாங்குமா என்று கணக்குப் போட்டு, ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்டியவர் இந்தத் தமிழர். 1970-களில் இலங்கையில் தனியார் வேலை வற்றியபோது நிறுவனம் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பியது. மதுரையில் ஒரு நூற்பாலை நிறுவனத்துக்காகக் கட்டிய மதுரை கிளப்பும், சென்னை கன்னிமாரா ஹோட்டலின் புதுப்பிப்பும் அந்த ஆண்டுகளின் வேலை.

இனி 1979. கெடு கடுமையானது: 1982 சித்திரையில் திறப்புவிழா. மூன்றாண்டுகூடக் கையில் இல்லை. பாவா முதலில் தொட்டது கட்டடத்தை இல்லை. பள்ளத்தாக்கின் சதுப்பைத் தோண்டி, தண்ணீரைத் தேக்கி, மேட்டைத் தீவாக்குங்கள் என்றார். லுணுகங்கவில் ஒரு குன்றைச் சீவியவர், இங்கே ஒரு பள்ளத்தாக்கையே நிரப்பக் கேட்டார். அங்கே காசு சொந்தம், அளவு சிறிது. இங்கே மிட்சுயி தலைமையிலான ஜப்பானியக் கூட்டு நிறுவனம் இயந்திரங்களோடு இறங்கியது. இறக்குமதிக்குக் கதவடைத்த காலத்தில் பெயர் வாங்கியவரின் ஆகப் பெரிய கட்டடத்தை, திறந்த பொருளாதாரத்தின் பணமும் ஜப்பானிய ஒப்பந்தக்காரரும் சேர்ந்து எழுப்பினார்கள்.

தண்ணீர் அழகுக்காக மட்டும் கேட்டதில்லை. 196 பேர் உட்காரும் அவை, குழு அறைகள், அலுவலகங்கள், நூலகம், ஊழியர்களின் இடம் என்று எல்லாம் சேர்ந்தால் கட்டடம் பூதாகரமாகிவிடும். பக்கத்தில் நின்று பார்க்கவைத்தால் பயமுறுத்தும். தூரத்திலிருந்து, நீர்ப்பரப்புக்கு மேலே பார்க்கவைத்தால் அதே பருமன் இளகிவிடும். வரும் சாலையில் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே கூரைகள் கண்ணில் படும்படி பாவா வழியை அமைத்தார். அப்புறம் சாலை வளைந்து, கரைவழியைக் கடந்து, மெதுவாக நெருங்க வேண்டும்.

ஒரே பெரிய கட்டடமாகவும் அவர் அதைக் காட்டவில்லை. நடுவில் அவை இருக்கும் பெரிய மண்டபம், அதைச் சுற்றி ஐந்து சிறிய மண்டபங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கூரை, தனிப் பீடம். கீழே போய்ப் பார்த்தால் பீடங்கள் எல்லாம் இணைந்து ஒரே தளமாக ஓடுகின்றன. மேலே ஆறு வீடு, கீழே ஒரு வீடு. நடு மண்டபம் இடவலம் பிசகாத சமச்சீர். சுற்றியிருக்கும் ஐந்தும் வேண்டுமென்றே அந்தச் சமச்சீரைக் குலைக்கின்றன. ஒரு கிராமம் தானாக வளர்ந்தால் எப்படி இருக்குமோ அந்தத் தோரணை.

கூரை கண்டிக் கூரை: உச்சியில் செங்குத்து, பாதிக்குக் கீழே சாய்வு தணிந்து வெளியே பரவும். மேல்சரிவு மழையை வேகமாக இறக்கும், கீழ்ச்சரிவு அதைச் சுவரைவிட்டுத் தள்ளி எறியும். மழைநாட்டுத் தச்சன் கண்டுபிடித்த எளிய அறிவு. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்த நம்மவர்களுக்கும் இது அந்நியமாகத் தெரியாது. ஓட்டுக்குப் பதில் இங்கே செம்பு. இந்த அகலத்துக்கு ஓடு பரப்பியிருந்தால் கூரை கனத்துக் கவிழ்ந்த தோற்றம் வந்திருக்கும். செம்போ மெல்லியது, மடங்கும், கூரைக்குக் கூடாரத்தின் லாகவத்தைத் தந்தது. விகாரை, அரண்மனை, கூடாரம் மூன்றும் ஞாபகத்துக்கு வரும். எது என்று அறுதியிட முடியாது. பாவாவிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அவைக்குள் போனால் வெஸ்ட்மின்ஸ்டர். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிரே. தலைக்குமேல் அலுமினியத் துண்டுகள் கோத்த உள்கூரை கூடாரத் துணிபோல் தொய்ந்து மின்னுகிறது. அதன் நடுவில் ஓலைக்கொத்து வடிவில் பெரிய சரவிளக்கு, பாவாவின் நீண்டகால நண்பரான ஓவியர் லக்கி சேனநாயக்க செய்தது. வெளியே உள்ளூர் மரபை இவ்வளவு யோசித்த ஒருவர், அவையின் இருக்கை அமைப்பைப் பற்றி ஒன்றுமே யோசிக்காமல் லண்டனிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். கட்சிக்காரர்கள் அதைத்தான் கேட்டிருப்பார்கள். என்றாலும் எனக்கு அது குறையாகவே படுகிறது. கொழும்பின் வீட்டுவடிவத்தையே மாற்றிய மனிதர், மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்து கத்தும் அந்த வடிவத்தில் கைவைக்கவில்லை.

கூரைகள் ஏறிக்கொண்டிருந்த 1981-இல், மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சென்னைக் கட்டடக்கலைஞர் ஒருவர் வரைந்த கட்டடம், உள்ளே சுமார் 97,000 நூல்கள். ஒரே அரசின் ஆட்சியில், ஒரே ஆண்டில், தெற்கே நாட்டின் ஆக அழகான கட்டடம் எழுந்தது, வடக்கே நாட்டின் ஆக அருமையான கட்டடம் கரிந்தது. பாவாவை இதற்குப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் பாராளுமன்றத்தின் கதையை இதைச் சொல்லாமல் தமிழில் எழுதவும் முடியாது.

1982 ஏப்ரல் 29-இல் ஜயவர்தன கட்டடத்தைத் திறந்துவைத்தார். அமிர்தலிங்கமும் கூட்டணி உறுப்பினர்களும் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதில் வாக்கெடுப்பு ஒன்று நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 வரை நீட்டிக்கொண்டார்கள். 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. ஆகஸ்டில் இந்தப் புதிய அவை ஆறாம் திருத்தத்தை நிறைவேற்றியது: தனிநாடு கோர மாட்டோம் என்று உறுப்பினர்கள் சத்தியம் செய்ய வேண்டும். கூட்டணியினர் செய்யவில்லை, அவைக்கும் வரவில்லை. அக்டோபரில் இடங்களை இழந்தார்கள். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக இந்த அவையில் இருந்தது ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் லாரன்ஸ் வேல் 1992-இல் வெளிவந்த தமது நூலில் இந்தக் கட்டடத்தைக் கேள்விக்குட்படுத்தினார். கட்டடம் எல்லாருக்கும் பொதுவென்று காட்டிக்கொண்டாலும் இடமும் குறிப்புகளும் சிங்கள பௌத்த அரசின் பக்கமே சாய்கின்றன என்பது அவர் வாதத்தின் சாரம். கூரை பற்றி நான் அவரோடு முழுதும் ஒத்துப்போக மாட்டேன். அந்தக் கூரையில் கண்டி இருக்கிறது, மலையாளக் கரையும் இருக்கிறது, பாவாவின் சொந்த இரத்தத்தைப்போல அது கலப்பு. இடம் பற்றி அவர் சொன்னது சரி. யாழ்ப்பாணத்து அரசனைத் தடுக்க வெட்டிய அகழிக்குள், யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் புறப்பட்ட படையின் ஊரில், எல்லாருக்குமான அவையை வைத்தார்கள். குன்றைச் சீவுவதும் சாலையை மறைப்பதும் ஏரியை உண்டாக்குவதும் பாவாவுக்குக் கைவந்த கலை. ஆனால் நிலத்தின் பழைய கணக்கைச் சீவித் தாழ்த்த அவரிடம் கருவி இல்லை. யாரும் அவரிடம் அதைக் கேட்கவும் இல்லை.

1987 ஆகஸ்ட் 18-இல் கட்டடத்துக்குள்ளேயே, ஆளும் கட்சிக் கூட்டம் நடந்த குழு அறையில் கையெறிகுண்டு வீசப்பட்டது. ஜயவர்தன தப்பினார், உறுப்பினர் ஒருவர் உயிரிழந்தார். அதன்பிறகு அந்தத் தீவு உண்மையாகவே கோட்டை ஆகிவிட்டது: சோதனைச்சாவடி, காவல், அனுமதிச்சீட்டு. 2010 நவம்பரில் பெய்த பெருமழையில் ஏரி தளம்பி வளாகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கொழும்பைச் சுற்றிய சதுப்புகளைப் பல பத்தாண்டுகளாக மண்போட்டு நிரப்பிய கணக்கு, அன்று சட்டம் இயற்றுவோர் வாசலிலேயே வந்து நின்றது.

1989-இல் பாவா நிறுவனத்தைவிட்டு விலகினார். பூலோகசுந்தரத்துடனான கூட்டும் அத்தோடு முடிந்தது. எழுபது வயதில், வீட்டிலிருந்தபடி, இளைஞர்கள் சிலரை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். அந்தக் காலத்து வேலைகளில் கண்டலமா ஹோட்டல் பெரிது. முதலாளிகள் காட்டிய மனை சிகிரியாக் குன்றின் அடிவாரம். பாவா அது வேண்டாம் என்று சொல்லி, ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்து, தூரத்தில் கண்டலமாக் குளத்தருகே ஒரு பாறைச்சரிவைத் தேர்ந்தார். அங்கிருந்து பார்த்தால் சிகிரியா அடிவானத்தில் சிறிதாகத் தெரியும். விகாரைக்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். கட்டினார். பாறையை அணைத்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளும் கான்கிரீட் சட்டகம், தட்டைக் கூரை, அதன்மேல் மண்ணும் கொடியும். ஆரம்பத்தில் மழையிடம் தோற்ற தட்டைக் கூரையை முப்பது ஆண்டு கழித்துத் திரும்ப எடுத்து, இந்தமுறை காட்டிடம் ஒப்படைத்தார்.

கோட்டே, கண்டலமா இரண்டில் கண்டலமாவைத்தான் கட்டடக்கலை மாணவர்கள் அதிகம் கொண்டாடுகிறார்கள். நான் கோட்டேயைச் சொல்வேன். கண்டலமாவில் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பாவாவுக்கு இருந்தது, பிடிக்காத மனையை வேண்டாம் என்று தள்ள முடிந்தது, அவசரமும் அவ்வளவில்லை. கோட்டேயில் இடத்தைக் கொடுத்தவர் ஜனாதிபதி, தேதியைக் கொடுத்தவர் ஜனாதிபதி, சட்டம் போடப்போகிறவர்களும் அவருடைய ஆட்களே. பாவா கையில் மிஞ்சியது சேறும் கூரையும். அந்த இரண்டையும் வைத்து மூன்றாண்டுக்குள் அவர் அங்கே செய்தது, தெற்காசியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு எழுந்த எந்தச் சட்டமன்றக் கட்டடத்துக்கும் குறைந்ததில்லை.